வாடைக் காலத்தில் பெல்லட் கிரில் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஐப்பசி அடைமழை தொடங்கியதிலிருந்து தை மாதத்து வாடை ஓயும்வரை, மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், கீழக்கரைப் பக்கத்தில் பெல்லட் கிரில் (மரத்தூள் குச்சிகளை எரித்து மீனும் மற்றதும் சுடும், மின்சாரத்தில் ஓடும் அடுப்பு) வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். “நேற்றுவரை நன்றாக எரிந்தது. இன்று வெறும் புகைதான் வருகிறது. என்ன செய்வது?”

கையேட்டைப் புரட்டினால் குளிர்காலம் என்ற தலைப்பில் பனிப்பொழிவைப் பற்றித்தான் எழுதியிருக்கும். அது இயல்பு. இந்தச் சாதனத்தை 1980களில் உருவாக்கியவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ டிரேகர். வீடுகளுக்கு வெப்பமூட்டும் சாதனங்கள் விற்ற குடும்பம் அவருடையது. குளிர் நாட்டில் பிறந்த அடுப்பு. அதன் பராமரிப்பு அறிவுரையும் குளிரை மனத்தில் வைத்தே வளர்ந்தது. அங்கே வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போகிறது. கிரில்லின் மேல் வெப்பப் போர்வை போர்த்துகிறார்கள், கூடுதலாக பெல்லட் எரிக்கிறார்கள். நம் கரையில் மார்கழி அதிகாலையில்கூட 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. இங்கே கிரில்லைப் படுத்துவது ஈரம். அதற்கு அடுத்தபடியாகக் காற்று, உப்பு, மின்சாரம். துபாயிலிருக்கும் என் மச்சான் கார்கோவில் கிரில்லை அனுப்பியபோது, அதனுடன் ஒரு வெப்பப் போர்வையையும் சேர்த்து அனுப்பியிருந்தார். முதல் மழைக்காலம் முழுவதும் அதைப் போர்த்தியே வைத்திருந்தேன். தை பிறந்து எடுத்துப் பார்த்தால், போர்வை தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடந்தது. அதன் அடியில் மூடியின் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அந்தப் போர்வை நம் ஊருக்கு வேண்டாம்.

கோளாறு பார்க்கும் முன், உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த, ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு குச்சிகள்தான் பெல்லட். அவை பக்கத்திலுள்ள தொட்டியில் கிடக்கும். தொட்டிக்கு அடியில் ஒரு திருகுத் தண்டு மெதுவாகச் சுற்றி, அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்கிண்ணத்தில் கொண்டுபோய்த் தள்ளும். கிண்ணத்தில் இருக்கும் சூட்டுக் கம்பி சில நிமிடங்கள் பழுத்து அவற்றைப் பற்றவைக்கும். பிறகு விசிறி காற்று ஊதும். உள்ளே இருக்கும் வெப்ப உணரி சொல்லும் கணக்குப்படி, கட்டுப்பாட்டுப் பலகை திருகை ஓட்டும், நிறுத்தும். தொட்டி, திருகு, கம்பி, விசிறி, உணரி: எந்தக் கோளாறானாலும் இந்த ஐந்தில் ஒன்றில்தான் போய் நிற்கும்.

வெள்ளைப் புகை மட்டும் வருகிறது, தீ பற்றவில்லை

முதலில் செய்யக்கூடாத காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை பற்றவில்லை என்றதும் பொத்தானை நிறுத்தி மறுபடி போடாதீர்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் திருகு இன்னொரு பிடி பெல்லட்டைக் கிண்ணத்தில் கொட்டும். கிண்ணம் நிரம்பி வழிந்து, அது மெதுவாகப் புகைந்து, மூடிய பெட்டிக்குள் எரியக்கூடிய புகை அடைந்துவிடும். பிறகு திடீரென்று தீப்பிடிக்கும்போது மூடியைத் தூக்கி எறியும் அளவுக்கு வெடிக்கும். புருவமும் முன்கை முடியும் பொசுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பிளக்கைப் பிடுங்குங்கள். மூடியைத் திறந்து வைத்து, முழுவதும் ஆறவிடுங்கள். கம்பித்தட்டு, கொழுப்புத் தட்டு, வெப்பத் தகடு மூன்றையும் எடுத்துவிட்டுக் கிண்ணத்தைப் பாருங்கள். அதில் குவிந்து கிடக்கும் பெல்லட்டை அள்ளி ஒரு தகர டப்பாவில் போடுங்கள். நெகிழி வாளியில் போடாதீர்கள், நடுவில் கங்கு இருக்கும். அடியில் படிந்த சாம்பலையும் வழித்தெடுங்கள். சாம்பல் காற்றுத் துளைகளை அடைத்திருந்தால், எவ்வளவு நல்ல பெல்லட் போட்டாலும் புகைதான் வரும்.

அடுத்து, தொட்டியிலிருந்து நாலைந்து பெல்லட்டை எடுத்து விரலால் ஒடியுங்கள். காய்ந்த பெல்லட் முறுக்கு ஒடிவதுபோல ‘டக்’ என்று ஒடியும். மேல்தோல் வழவழவென்று பளபளக்கும். ஈரம் குடித்தது ஓசையில்லாமல் பிசுபிசுத்து உதிரும், நிறமும் மங்கியிருக்கும், தொட்டால் மாவு கையில் ஒட்டும். நல்ல பெல்லட்டில் ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் நம் கடற்கரைக் காற்றில் ஒரு வாரம் திறந்த தொட்டியில் கிடந்தால் அந்த எல்லை நிற்காது. ஒரு பெல்லட்டைத் தம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் பருத்து, கரைந்து, வெறும் மரத்தூளாகிவிடும். தொட்டிக்குள்ளும் இதேதான், கொஞ்சம் மெதுவாக நடக்கிறது.

காயவைத்தால் சரியாகுமா என்று கேட்பார்கள். இன்னும் ஒடிகிறது, ஓசை மட்டும் மந்தமாக இருக்கிறது என்றால் சரியாகும். கருவாடு காயப்போடுவதுபோல, வெயில் அடிக்கும் நாளில் தகரத்தில் பரப்பி, இரண்டு முறை புரட்டி, மூன்று மணிக்கெல்லாம் அள்ளிவிடுங்கள். வெயில் தாழ்ந்ததும் காற்றிலுள்ள ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். பருத்து உதிர ஆரம்பித்துவிட்டதை எக்காரணம் கொண்டும் தொட்டியில் போடாதீர்கள். அதைத் தென்னை மரத்தடியில் கொட்டுங்கள்.

பெல்லட்டை எங்கே வைப்பது என்பதற்கு என் அனுபவத்தில் ஒரே பதில்: ரப்பர் வளையத்துடன் இறுக மூடும் நீலப் பீப்பாய். பை திறந்த அன்றே அதற்குள் போய்விட வேண்டும். சமையல் முடிந்ததும் தொட்டியில் மிச்சமிருப்பதும் அதற்குள்ளேயே. பங்குனி, சித்திரையில் இந்த ஒழுங்கு தேவையில்லை. ஐப்பசி முதல் தைவரை இதை ஒருநாள் விட்டாலும் மறுநாள் தெரிந்துவிடும்.

பெல்லட் காய்ந்திருக்கிறது, கிண்ணம் சுத்தம், அப்படியும் பற்றவில்லை என்றால் சூட்டுக் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். கிண்ணம் காலியாக இருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து, ஆன் செய்து, எட்ட நின்று பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் கம்பியின் முனை மங்கலான சிவப்புக்கு வர வேண்டும், அல்லது பக்கத்தில் அனல் அடிக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரால் கம்பியின் மின்தடையைப் பாருங்கள். 230 வோல்ட்டில் 250 வாட் கம்பி என்றால் ஏறக்குறைய 210 ஓம் காட்டும். முடிவிலி காட்டினால் கம்பி அறுந்துவிட்டது; வேறு வாங்க வேண்டியதுதான்.

அது வந்து சேரப் பத்து நாள் ஆகும். அதுவரை கையால் பற்றவைக்கலாம். தட்டுகளை எடுத்துவிட்டு, கிண்ணத்தில் ஒரு கைப்பிடி பெல்லட் போட்டு, அதன் மேல் காய்ந்த தென்னை நாரை உருட்டி வைத்து நெருப்பிடுங்கள். நார் நின்று எரியும், பெல்லட்டுக்குச் சூடு இறங்கும். ஐந்து நிமிடத்தில் மேல் பெல்லட் பற்றிக்கொண்டதும் தட்டுகளைக் கையுறையுடன் பொருத்திவிட்டு ஆன் செய்யுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டும் கிரில் இருக்கும் பக்கமே வரக்கூடாது.

மோட்டார் முனகுகிறது, பெல்லட் இறங்கவில்லை

மழைக்காலத்தின் மிக மோசமான கோளாறு இதுதான். ஈரம் குடித்த பெல்லட் திருகுக் குழாய்க்குள் பருத்து, தூளாகி, பிறகு காய்ந்து, சுவரில் பூசிய காரைபோல இறுகிவிடும். திருகால் அசைய முடியாது. மோட்டார் சூடேறி முனகும். பூட்டு ஊசி வைத்த வகை என்றால், மோட்டாரைக் காப்பாற்ற ஊசி முறிந்துவிடும். அப்போது மோட்டார் சுகமாகச் சுற்றும், திருகு சும்மா கிடக்கும். ஆக, மோட்டார் சுற்றியும் திருகு சுற்றவில்லை என்றால் ஊசியைப் பாருங்கள். இரண்டுமே சுற்றவில்லை என்றால் அடைப்பைப் பாருங்கள்.

அடைப்பு எடுக்கும் முறையைப் பொறுமையாகச் செய்ய வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, தொட்டியைக் கையாலும் பிறகு வாக்குவம் கிளீனராலும் காலி செய்யுங்கள். தொட்டிக்கு அடியிலுள்ள மூடியைக் கழற்றினால் மோட்டாரும் திருகும் சேரும் இடம் தெரியும். அங்கே உள்ள ஊசியை அல்லது திருகாணியைக் கழற்றி, மோட்டாரைப் பிரித்துவிடுங்கள். தண்டின் முனையைக் குழாய்ச் சாவியால் பிடித்து, முதலில் பின்னோக்கிக் கால் சுற்று, பிறகு முன்னோக்கிக் கால் சுற்று என்று அசையுங்கள். சிறிது சிறிதாக இடம் கொடுக்கும். இடம் கொடுத்ததும் திருகை வெளியே இழுத்து, குழாயின் உட்சுவரை மரக்கட்டையால் சுரண்டுங்கள்.

எங்கள் வீட்டில் இப்படி ஒருமுறை எடுத்தபோது, திருகின் சுருள்களுக்கு இடையே இருந்த தூள் முழு உருளையாகவே பெயர்ந்து வந்தது. ஒரு சாண் நீளம். தரையில் போட்டால் உடையவில்லை. ஒருநாள் இரவு பெய்த மழையில் தொட்டி மூடியின் ஓரத்தில் ஒழுகிய தண்ணீர், எல்லாம் சேர்ந்தாலும் ஒரு தம்ளர்கூட இருக்காது, அவ்வளவு வேலை செய்திருந்தது.

சுத்தியலால் தண்டின் தலையில் அடிப்பவர்கள் உண்டு. தண்டு வளைந்தால் அப்புறம் அந்தக் கிரில்லுக்கு வாழ்வில்லை. தண்ணீர் ஊற்றி ஊறவைத்து எடுக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். ஊறினால் இன்னும் பருக்கும். ஊற்றாதீர்கள்.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கடலை ஓடு, மரத்தூள், வேளாண் கழிவுகளிலிருந்து கொதிகலன்களுக்காகச் செய்யும் பெல்லட் மலிவாகக் கிடைக்கிறது. அது ஆலைக்கானது. அதில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கு உணவு சார்ந்த உத்தரவாதம் எதுவும் கிடையாது. சாம்பலும் அதிகம். கிண்ணத்தில் அது உருகி, கல்லுபோலக் கட்டியாகிக் காற்றுத் துளைகளை அடைக்கும். நானும் ஒரு மூட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் நாளே கிண்ணத்தின் அடியில் கரும்பச்சை நிறத்தில் கண்ணாடிபோல ஒரு வில்லை. மீன் வாடையும் சரியில்லை. வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடும் உணவு அதன் புகையில் வேகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தக் காசு மிச்சம் தேவையே இல்லை.

தீ எரிகிறது, ஆனால் சூடு ஏறவில்லை

200 டிகிரி வைத்தால் 140இல் போய் நின்றுவிடுகிறது என்பார்கள். பெல்லட் நன்றாக ஒடிகிறது என்றால், அடுத்த குற்றவாளி காற்று.

நம் மீனவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து சோழகம், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். ஆண்டின் மற்ற மாதங்களில் சாதுவாகக் கிடக்கும் பாக் நீரிணைப் பக்கத்துப் பெண்கடல் சீறுவது வாடை வீசும்போதுதான். மண்டபம் வடகரையிலும் தேவிபட்டினத்திலும் கடலைப் பார்த்த முற்றத்தில் கிரில் நின்றால், அந்தக் காற்று நேராக மூடி இடுக்கிலும் புகைபோக்கியிலும் புகுந்து, விசிறி ஊதும் காற்றின் கணக்கையே கலைத்துவிடும். உலோக மூடியின் சூட்டையும் துடைத்துக்கொண்டு போகும். கூடவே தூறல் விழுந்தால் சொல்லவே வேண்டாம்.

வாடை மாதங்களில் கிரில்லை வீட்டின் தெற்குப் பக்கத்துக்கு மாற்றுங்கள். சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். புகைபோக்கி காற்று போகும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். மாற்ற இடமில்லை என்றால், தகரத்தை மடக்கி ‘ட’ வடிவில் நிறுத்தித் தடுப்புச் செய்யுங்கள். கையருகே கிடக்கிறது என்று ஓலைத் தட்டியையோ கீற்றையோ மறைப்பாக வைத்துவிடாதீர்கள். புகைபோக்கியிலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும்.

மழைக்கு ஒதுங்க வீட்டுக்குள்ளோ கதவடைத்த தாழ்வாரத்துக்கோ கிரில்லைத் தள்ளிக்கொண்டு போவதைப் பற்றி: வேண்டாம். எரியும் மரம் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி என்று படுப்பவர் எழாமல் போகலாம். நாலு பக்கமும் திறந்த தகரக் கூரை போதும். அதுவும் இல்லாத நாளில் மீனைக் குழம்பு வையுங்கள்.

காற்றும் இல்லை, பெல்லட்டும் நல்லது என்றால், கிரில் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பாருங்கள். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராகச் செருகினால் பலகை அன்றே கருகிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சாதாரண ஏ.சி. மோட்டார் வைத்த கிரில்லில் திருகின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. நிமிடத்துக்கு இரண்டு சுற்று சுற்ற வேண்டிய திருகு, இங்கே ஒன்றே முக்கால் சுற்றுக்கும் குறைவாகவே சுற்றும். ஆறில் ஒரு பங்கு பெல்லட் குறைவு. வெயில் காலத்தில் இது தெரியாது, வாடைக்காற்றில் வெளிப்பட்டுவிடும். சவூதி அரேபியாவும் 60 ஹெர்ட்ஸ் நாடுதான், அங்கிருந்து வந்ததற்கும் இது பொருந்தும். துபாய்ச் சரக்கு 50 ஹெர்ட்ஸ், அதில் இந்தத் தொல்லை இல்லை. டி.சி. மோட்டார் வைத்த புதிய வகைகளிலும் இல்லை. உங்கள் பலகையில் ‘பி’ என்ற எழுத்துடன் எண் மாற்றும் வசதி இருந்தால், அந்த எண்ணைக் குறையுங்கள். திருகு நிற்கும் இடைவெளி குறையும், புகையூட்டும் மிதமான சூட்டில் தீ மங்காது. அதிகச் சூட்டுக்கு அது உதவாது. மோட்டாரை 50 ஹெர்ட்ஸுக்கு உரியதாக மாற்றுவதே தீர்வு.

கடைசியாக, மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். காற்றடிக்கும் நாளில் ஒருமுறை திறந்தால் பழைய சூட்டுக்கு வரப் பத்து நிமிடம்வரை ஆகும். மீனுக்குள் செருகும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தடித்த இடத்தில் 63 டிகிரி காட்டினால் மீன் வெந்துவிட்டது.

சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது

வைத்த அளவுக்கு மேலும் கீழும் 10, 15 டிகிரி ஆடுவது இந்த அடுப்பின் இயல்பு. கேஸ் அடுப்புபோல ஒரே நிலையில் நிற்காது. 30, 40 டிகிரி ஆடினால் வெப்ப உணரியைப் பாருங்கள். விரல் அளவுள்ள அந்தக் கம்பியில் புகைக்கரியும் கொழுப்பும் படிந்திருக்கும். ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

செருகியதும் இ.எல்.சி.பி. (மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது

முதல் மழைக்காலத்தில் எனக்கும் இது நடந்தது. வீட்டு வயரிங்கில் ஏதோ கோளாறு என்று நினைத்து எலெக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணே, வீட்டில் குறையில்லை. உங்கள் கிரில்லின் சூட்டுக் கம்பிக்குள் ஈரம் இறங்கியிருக்கிறது. அந்தக் கம்பியின் இணைப்பை மட்டும் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள்.” கழற்றிவிட்டுப் போட்டேன். விழவில்லை.

காரணம் இதுதான். சூட்டுக் கம்பியின் உறைக்குள் மின்காப்புக்காக மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருப்பார்கள். அது ஈரத்தை உறிஞ்சும் பொருள். பல நாள் மழையில் சும்மா கிடந்தால் ஈரம் உள்ளே போய், மின்சாரம் உறைக்குக் கசியும். இ.எல்.சி.பி. அந்தக் கசிவைக் கண்டுதான் விழுகிறது. கழற்றிய கம்பியை ஓரிரு நாள் நல்ல வெயிலில் போட்டு, எலெக்ட்ரீஷியனிடம் மெக்கர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காப்பு திரும்பி வந்திருந்தால் மாட்டலாம். வரவில்லை என்றால் புதுக் கம்பிதான். கம்பியைக் கழற்றியும் விழுகிறது என்றால் விசிறி, மோட்டார் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் நிற்கிறதோ அதுவே காரணம்.

இ.எல்.சி.பி.யைத் தவிர்த்து வேறு லைனில் செருகி ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஈரத்தரையில், வெறுங்காலில், உலோகப் பெட்டியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

நடுவில் மின்சாரம் போனது, தொட்டிப் பக்கம் புகைகிறது

மின்சாரம் போனதும் விசிறி நின்றுவிடும், ஆனால் கிண்ணத்தில் கங்கு இருக்கும். ஊத ஆளில்லாத கங்கு, திருகுக் குழாயிலுள்ள பெல்லட் வழியாக மெதுவாகத் தொட்டியை நோக்கிப் பின்னால் ஊரும். காற்றும் மழையுமாக மின்தடை அடிக்கடி வரும் மாதங்களில் இதை எதிர்பார்த்தே சமைக்க வேண்டும்.

தடை வந்தவுடன் பிளக்கைப் பிடுங்குங்கள். மூடியையும் தொட்டி மூடியையும் மூடியே வையுங்கள், காற்றில்லாமல் கங்கு அவியட்டும். தொட்டியின் வெளிச்சுவரைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுடவில்லை, புகையும் இல்லை என்றால் காத்திருந்தால் போதும். சுடுகிறது, புகையும் வருகிறது என்றால், பிளக் கையில் இருக்கிறதா என்று இன்னொரு முறை உறுதிசெய்துகொண்டு, தொட்டிக்குள் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். கிரில் கெட்டாலும் கெடட்டும். அடைப்பெடுக்கும் வழியை மேலே சொல்லியிருக்கிறேன். ஆனால் கொழுப்புத் தட்டில் தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியை மூடி, மின்சாரத்தை நிறுத்துங்கள், தானாக அடங்கும். நம் ஊரில் மணலுக்குப் பஞ்சமில்லை. ஒரு வாளி காய்ந்த மணல் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

மின்சாரம் திரும்பியதும் அப்படியே ஆன் செய்யாமல், முதல் அறிகுறியில் சொன்னபடி கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டினால் இந்தக் கவலை பெரும்பாலும் தீரும். பற்றவைக்கும் சில நிமிடங்கள் மட்டுமே 300 வாட் அளவுக்கு இழுக்கும். பற்றிய பிறகு திருகும் விசிறியும் சேர்ந்து 50 வாட்டுக்கு முன்பின்தான். மின்விசிறியும் விளக்கும் ஓட்டும் சாதாரண இன்வெர்ட்டருக்கு இது சுமையே அல்ல.

சமையல் முடிந்து அணைக்கும்போது பிளக்கைப் பிடுங்காமல், பொத்தானை அணைத்துவிட்டு விசிறி தானாக நிற்கும்வரை விடுங்கள். அது கிண்ணத்தில் மிச்சமிருப்பதை எரித்து முடிக்கிறது.

திரையில் பிழைக் குறி, அல்லது நம்ப முடியாத எண்

கிரில் ஆறிக் கிடக்கும்போதே 300 டிகிரி காட்டினால், அல்லது எழுத்துக் குறி வந்து நின்றால், உணரியின் வயர் பலகையில் சேரும் இடத்தைப் பாருங்கள். உப்புக்காற்றில் அந்த முனையில் பச்சையாகப் பூத்திருக்கும். கழற்றி, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து மாட்டுங்கள். அதன் பிறகும் போகாவிட்டால் உணரியை மல்டிமீட்டரில் பாருங்கள்: பிளாட்டினம் வகை உணரி, சுழியம் டிகிரியில் 100 ஓம் என்ற கணக்கில் செய்தது, நம் ஊர் 30 டிகிரியில் 111, 112 ஓம் காட்டும். 1000 ஓம் வகையானால் அதன் பத்து மடங்கு. வெகுவாக மாறியிருந்தால் உணரியை மாற்றுங்கள். எண் சரியாக இருந்தால் பலகைதான் போயிருக்கிறது.

மீன் கசக்கிறது

அடர்ந்த வெள்ளைப் புகையில் வைத்த மீன் கசக்கும். புகை மெலிந்து, லேசான நீல நிறத்துக்கு வந்து, பெட்டிக்குள் சூடு நிலைத்த பிறகே பாறை மீனோ விளமீனோ உள்ளே போக வேண்டும். மழைக்கால ஈரத்தில் இதற்கு வழக்கத்தைவிடப் பத்து, பதினைந்து நிமிடம் கூடும். கணவாய் இன்னும் சீக்கிரம் புகையைக் குடிக்கும். அதைக் கடைசியில் வையுங்கள். மீன்மேல் சாம்பல் தூள் படிந்திருந்தால் பெட்டிக்கடியில் சாம்பல் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

மெஸ்கீட் என்று பையில் எழுதியிருக்கும் பெல்லட் வாங்குபவர்களுக்கு ஒரு சேதி. அந்த மெஸ்கீட்டும், நம் மாவட்டம் முழுக்கப் பரவிக் கிடக்கும் சீமைக்கருவேலமும் நெருங்கிய உறவு. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்து மரங்கள். புகையும் காரமானது. மீனுக்குக் கொஞ்சம் போதும், வேறு மரப் பெல்லட்டுடன் கலந்து போடுங்கள். கிரில் பழுதாகிக் கிடக்கும் நாட்களில் நம் ஊர் சீமைக்கருவேலக் கரியைத் தனி அடுப்பில் போட்டுச் சுட்டுக்கொள்ளலாம். கரித்துண்டைப் பெல்லட் தொட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், திருகு அதை நகர்த்தாது.

பெயின்ட் கொப்புளிக்கிறது, கிண்ணம் பொத்தலாகிறது

வெளித்துரு உப்பால் வருவது, உள்துரு சாம்பலால் வருவது. மரச்சாம்பல் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால் மழைக்காலத்தில் இரண்டு சமையலுக்கு ஒருமுறை சாம்பலை வழித்தெடுங்கள்.

வெளியே துடைக்கும் தண்ணீரைக் கவனியுங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால், உப்பை நாமே பூசியதுபோல் ஆகும். குடிக்கும் காவிரித் தண்ணீரில் ஒரு செம்பு போதும். துடைத்துக் காய்ந்ததும் கம்பித்தட்டில் தோசைக்கல்லைப் பழக்குவதுபோல எண்ணெய் தடவி ஒருமுறை சூடேற்றுங்கள். துரு தொடங்கிய இடத்தைத் தேய்த்து, சூடு தாங்கும் பெயின்ட் அடியுங்கள். சாதாரண எனாமல் உரிந்துவிடும்.

உறை போடுவதென்றால் கிரில் முழுக்க ஆறிய பிறகு போடுங்கள். வெயில் வரும் நாளில் உறையைக் கழற்றி, மூடியைத் திறந்து, காற்றாட விடுங்கள். வாரம் ஒருமுறையாவது, சமைக்காவிட்டாலும், 200 டிகிரியில் இருபது நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். சூட்டுக் கம்பியில் இறங்கிய ஈரமும், பெட்டிக்குள் வியர்த்த ஈரமும் அதில் போய்விடும். நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டுகிறேன். முதல் இரண்டு நிமிடம் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்து வழியும். பதினைந்தாவது நிமிடத்தில் மூடி காய்ந்து, கை வைத்தால் சுடும். அதன் பிறகு அணைத்து, தொட்டியைக் காலி செய்து, பெல்லட்டைப் பீப்பாயில் கொட்டி மூடிவிடுகிறேன்.